பேரை மொதல்ல எழுதி வைங்க: சிக்கானோ ஆர்ட் சென்டர் ஒண்ணோட மரபை காப்பாத்த முழு வழிகாட்டி

ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. பதினோரு பேர் ஒரு வேனுக்கு முன்னாடி நிக்கிறாங்க, பாதி பேரோட கையில இங்க் கறை, ஒருத்தர் மட்டும் கேமராவ பாக்காம வேற எங்கயோ பாத்து சிரிக்கிறார். பின்பக்கம் யாரோ பேனாவுல 'ஃபெஸ்டிவல் 78'ன்னு எழுதியிருக்காங்க. நான் வாலண்டியரா டப்பா அடுக்கப் போன ஒரு சின்ன சென்டர்ல இத ஒரு வயசான அம்மாகிட்ட காட்டினேன். அங்க வயசான பெண்கள டோன்யான்னு மரியாதையா கூப்பிடுவாங்க. பாத்ததும் "இது 78 இல்லப்பா, வேன்ல இன்னும் பழைய பெயிண்ட் இருக்கு பாரு, அத அடுத்த கோடையிலயே மாத்திட்டோம், இது 76"ன்னாங்க. அப்புறம் ஒவ்வொரு மூஞ்சியா விரல் வச்சு ஒன்பது பேரோட பேரும் சொன்னாங்க. ரெண்டு பேர் மட்டும் அவங்களுக்கும் தெரியல.

இந்த வழிகாட்டியில நான் சொல்ல வர்றதுல முக்காவாசி அந்த ஒரு மத்தியானத்துல கத்துக்கிட்டதுதான். ஒரு ஆர்ட் சென்டர்ல படத்த காப்பாத்த எப்படியும் ஆள் வந்துடும், மியூசியம் வரும், காசு வச்சிருக்கிற கலெக்டர் வருவார். அந்தப் படத்த யார் பிரிண்ட் போட்டா, யார் ராத்திரி முழுக்க ஸ்க்ரீன் கழுவினா, வாடகைய யார் கட்டினா, இதக் காப்பாத்த யாரும் வர மாட்டாங்க. அத நாமதான் செய்யணும். அதுவும் சொல்றதுக்கு ஆள் இருக்கும்போதே.

சிக்கானோன்னா யாரு, ஏன் சென்டர்

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். அமெரிக்காவுல இருக்கிற மெக்சிகோ வம்சாவளி மக்கள்ல, 1960-கள்ல அரசியலா எழுந்து நின்ன தலைமுறை தங்களுக்கு வச்சுக்கிட்ட பேரு சிக்கானோ. அதுக்கு முன்னாடி அது கொஞ்சம் இளக்காரமா பயன்படுத்துன வார்த்தை, அவங்க அதையே எடுத்து கொடி மாதிரி பிடிச்சுக்கிட்டாங்க. 1965 டெலானோ திராட்சைத் தோட்ட ஸ்ட்ரைக், விவசாயத் தொழிலாளர் சங்கத்த கட்டின சீசர் சாவேஸ், டொலோரஸ் வெர்த்தா, 1968-ல ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்கூல் பசங்க கிளாஸ விட்டு வெளிய வந்தது, 1970 ஆகஸ்ட் 29 வியட்நாம் போர் எதிர்ப்பு பேரணி, இதெல்லாம் அந்தக் காலம். ஸ்ட்ரைக்குக்கு போஸ்டர் வேணும், பேரணிக்கு பேனர் வேணும், பெரிய மியூசியம் இவங்க படத்த உள்ள விடல. அதனால கராஜ்லயும் பழைய கடையிலயும் பழைய ஜெயில்லயும் கூட சொந்தமா இடம் பிடிச்சாங்க. பழைய ஜெயில்னு சும்மா சொல்லல, லாஸ் ஏஞ்சலஸோட வெனிஸ் பகுதியில 1976-ல ஓவியர் ஜூடி பாக்கா முதலானவங்க ஆரம்பிச்ச ஸ்பார்க்ங்கற கலை அமைப்பு உட்கார்ந்தது நிஜமாவே ஜெயிலோட இருந்த ஒரு பழைய போலீஸ் ஸ்டேஷன்லதான். சான் டியேகோவோட சென்ட்ரோ குல்த்துரால் டெ லா ராசாங்கற கலை மையம் 1971-லேர்ந்து பல்போவா பார்க்ல ஒரு பழைய வாட்டர் டேங்குக்குள்ள நடக்குது.

நான் அதிகமா உதாரணமா எடுக்கப் போறது ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸோட செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ். சிஸ்டர் கேரன் பொக்கலேரோன்னு ஒரு பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரி, கார்லோஸ் புவெனோ, அந்தோனியோ இபான்யெஸ்னு ரெண்டு மெக்சிகோ ஆர்ட்டிஸ்ட்டுங்க, இன்னும் சில பேர், 1970 வாக்குல ஒரு கராஜ்ல சில்க்ஸ்க்ரீன், அதாவது வலைத்துணி வழியா இங்க் தள்ளி போடற பிரிண்ட், போட ஆரம்பிச்சது. அம்பது வருஷம் தாண்டியும் ஓடுது. நல்லதும் கெட்டதும் ரெண்டும் அவங்களுக்கு நடந்திருக்கு, அதனால பாடம் அதிகம்.

1. முடிவு எடுக்கிற ஆள் யாருன்னு மொதல்ல பேசிக்கங்க

ஸ்கேனர் வாங்கறதுக்கு முன்னாடி இது. அஞ்சாறு பேர் போதும்: ஆரம்ப காலத்து ஆர்ட்டிஸ்ட் ரெண்டு பேர், அப்ப சமையல் பண்ணவங்களோ கணக்கு எழுதினவங்களோ ஒருத்தர், இப்ப வர்ற இளசு ஒருத்தர், போர்டு மெம்பர் ஒருத்தர். சமையல் பண்ணவங்கன்னு ஏன் சொல்றேன்னா ஆர்ட்டிஸ்ட்டுங்களுக்கு அவங்கவங்க படம்தான் ஞாபகம் இருக்கும், எல்லாரோட பேரும் யார் யாரோட சண்டை போட்டாங்கங்கறதும் கிச்சன்ல இருந்தவங்களுக்குத்தான் தெரியும்.

சண்டை இருக்கும், மறைக்க வேணாம். சான் டியேகோ சென்ட்ரோவுல 2000 வாக்குல போர்டுக்கும் கம்யூனிட்டிக்கும் முட்டிக்கிட்டு பாய்காட் வரைக்கும் போச்சு. அந்த மாதிரி நேரத்துல டப்பாக்கள் யார் வீட்டுக்குப் போச்சுங்கறதுதான் பின்னாடி பெரிய கேள்வியா வரும். அதனால எந்தப் பொருள் சென்டரோடது, எது ஆர்ட்டிஸ்ட் சும்மா வச்சுட்டுப் போனது, எது கடனா வாங்கினதுன்னு ஒரு நோட்டுல இப்பவே எழுதுங்க.

2. போட்டோ மேசை போடுங்க

இதுதான் என்னோட மொத்த வழிகாட்டியோட முதுகெலும்பு, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை, மதியம், சாப்பாடு கண்டிப்பா வேணும், ஒரு நீள மேசையில போட்டோக்களோட ஜெராக்ஸ் காப்பிய பரப்புங்க. ஒரிஜினல வைக்காதீங்க, சாஸ் கொட்டும், நான் பாத்திருக்கேன். ஒவ்வொரு காப்பிக்கும் ஒரு நம்பர். பெரியவங்க கையில பென்சில குடுத்து நேரா அந்த காப்பி மேலயே மூஞ்சி பக்கத்துல பேர் எழுத சொல்லுங்க. பக்கத்துல ஒரு ரெக்கார்டர் ஓடட்டும், ஏன்னா பேர் சொல்றப்ப கூடவே கதை வரும், கதைதான் எழுத்துல வராது.

ரெண்டு ரெண்டு பேரா உட்கார வைங்க. தனியா கேட்டா "ஞாபகம் இல்ல"ன்னு முடிச்சுடுவாங்க, ரெண்டு பேர் இருந்தா ஒருத்தர் தப்பா சொல்லி இன்னொருத்தர் திருத்தி, அந்த வாக்குவாதத்துலதான் வருஷம் சரியா விழும். ரெண்டு பேரும் வேற வேற பேர் சொன்னா ரெண்டையும் எழுதுங்க, யார் சொன்னாங்கன்னும் எழுதுங்க, நீங்களே நடுவர் ஆகி ஒண்ண அழிக்காதீங்க.

வருஷம் தெரியலைனா போட்டோக்குள்ளயே தேடுங்க. சுவர்ல ஒட்டியிருக்கிற போஸ்டர், வண்டி மாடல், தெருப் பேர். ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ்ல புரூக்ளின் அவென்யூன்னு போர்டு தெரிஞ்சா அது 1990-கள்ல சீசர் சாவேஸ் அவென்யூன்னு பேர் மாறினதுக்கு முன்னாடி எடுத்த படம்னு சொல்லிடலாம். செல்ஃப் ஹெல்ப் ஆளுங்க 1975 வாக்குல ஒரு வேனையே ஸ்டூடியோவா மாத்தி ஸ்கூல் ஸ்கூலா ஓட்டினாங்க, பாரியோ மொபைல் ஆர்ட் ஸ்டூடியோன்னு பேரு. அந்த மாதிரி வண்டி ஒண்ணு போட்டோவுல இருந்தா வருஷம் கணக்கு பண்றது பாதி முடிஞ்சுது.

எழுத்து விஷயத்துல ஒண்ணு. ஸ்பானிஷ் பேர்ல எழுத்துக்கு மேல வர்ற கோடு, அலை எல்லாத்தையும் கேட்டலாக்ல அப்படியே வைங்க, குடும்பத்துக்காரங்க எழுதற மாதிரியே எழுதுங்க. பட்டப்பேரும் சேருங்க, ஏன்னா எல்லாருக்கும் பட்டப்பேர்தான் தெரியும், பின்னாடி தேடறவங்களும் அதைத்தான் தேடுவாங்க.

நான் பண்ண தப்பையும் சொல்லிடறேன். மொதல் வாரம் உற்சாகத்துல ஒரிஜினல் போட்டோ பின்னாடியே பால்பாயிண்ட் பேனாவுல எழுதினேன், அழுத்தினதுல முன்பக்கம் மூஞ்சி மேலயே கோடு எழும்பிடுச்சு, சில கலர் பிரிண்ட்ல இங்க் அடுத்த போட்டோவோட மூஞ்சியில ஒட்டிக்கிச்சு. மெல்லிசான பென்சில், அதுவும் ஓரத்துல, அவ்வளவுதான். பென்சில் பிடிக்காத வழுவழு பேப்பர்னா கவர் மேல எழுதுங்க, போட்டோ மேல எதுவும் வேணாம்.

3. எதை தூக்கி போடக்கூடாது

படம், போஸ்டர் எல்லாரும் வச்சுப்பாங்க. குப்பைன்னு நெனைக்கிறதுதான் பிரச்சனை. மீட்டிங் மினிட்ஸ், வாடகை ரசீது, கரண்ட் பில், ஃபோன் நம்பர் லிஸ்ட், கிராண்ட் கேட்டு மறுத்து வந்த லெட்டர் (ஆமா, மறுத்ததும் தான், எந்த வருஷம் யார் கதவ சாத்தினாங்கன்னு அதுலதான் தெரியும்), பேப்பர் கட்டிங், கிளாஸுக்கு வந்த பசங்களோட அட்டெண்டன்ஸ், போஸ்டருக்கு முன்னாடி போட்ட பென்சில் ஸ்கெட்ச்.

பிரிண்ட் கடை இருந்த சென்டர்னா இன்னும் நெறைய இருக்கு. சில்க்ஸ்க்ரீன் ஒவ்வொரு கலருக்கும் ஒரு தடவை போடறது, பத்து கலர்னா பத்து தடவை. ஒவ்வொரு கலர் சேர்ந்ததும் ஒரு ஷீட்ட எடுத்து வச்சா அது ப்ரோக்ரசிவ் ப்ரூஃப், படம் எப்படி பிறந்துச்சுன்னு அதுல அடுக்கடுக்கா தெரியும். அத பலபேர் கெட்டுப்போன பிரிண்ட்னு நெனச்சு போட்டுடறாங்க. சிவப்பு ஃபிலிம்ல பிளேடால வெட்டின ஸ்டென்சில், பேஸ்ட் பண்ணின லேஅவுட் அட்டை, இங்க் கலந்த குறிப்பு, எத்தன காப்பி போட்டோம் யாருக்கு எத்தன போச்சுன்னு எழுதின எடிஷன் புக். இந்த எடிஷன் புக்க நெருப்பு வந்தா மொதல்ல தூக்குவேன்.

போட்டோ மட்டும் இருந்தா கூட எவ்வளவு பெரிய விஷயம்னு காட்ட ஒரு கதை. அஸ்கோன்னு நாலு சிக்கானோ ஆர்ட்டிஸ்ட்டுங்க சேர்ந்த குரூப்: ஹாரி கம்போவா, கிராங்க், வில்லி எரோன், பாட்ஸி வால்டெஸ். 1972-ல லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி மியூசியத்துல ஏன் சிக்கானோ ஆர்ட் இல்லன்னு கேட்டு, அன்னிக்கு ராத்திரியே போய் மியூசியத்து வெளிச்சுவர்லயே தங்களோட பேர ஸ்ப்ரே பண்ணிட்டு வந்தாங்க, மொத்த மியூசியத்தையும் கையெழுத்து போட்டு தங்களோட படைப்பா ஆக்கின மாதிரி. சுவர சீக்கிரமே வெள்ளையடிச்சுட்டாங்க. இன்னிக்கு மிஞ்சினது கம்போவா எடுத்த போட்டோதான், எழுத்துக்கு மேல பாலத்துல வால்டெஸ் நிக்கற மாதிரி. 2011-ல அதே மியூசியம் அஸ்கோவுக்கு பெரிய எக்ஸிபிஷன் வச்சுச்சு. அந்த ஒரு கிளிக் இல்லைனா அது வெறும் வாய்க்கதையா போயிருக்கும்.

4. பேப்பர், பிரிண்ட், போஸ்டர்: கை வைக்கிற முறை

கராஜ்தான் எதிரி. லாஸ் ஏஞ்சலஸ் கோடையில தகர ஷெட்டரோட கராஜ் அடுப்பு மாதிரி கொதிக்கும். சூடும் ஈரமும் ஏறி ஏறி இறங்கறதுதான் பேப்பர கொல்லுது. ஏசி மியூசியம் அளவுக்கு வேணாம், 21 டிகிரி செல்சியஸ தாண்டாம, ஈரப்பதம் 35-லேர்ந்து 50 சதவீதத்துக்குள்ள, ரொம்ப ஆடாம இருந்தா போதும். வீட்டுக்கு நடுவுல இருக்கிற அலமாரி, வெளிச்சுவர ஒட்டாதது, பைப்புக்கு கீழ இல்லாதது, தரையிலேர்ந்து ஒரு அரை அடி தூக்கி, அதுவே கராஜ விட நூறு மடங்கு நல்லது. சின்னதா ஈரப்பதம் காட்டற மீட்டர் மலிவா கிடைக்கும், ஒண்ணு வாங்கி வைங்க.

ரப்பர் பேண்ட், ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் பின், செலோடேப் நாலையும் எடுத்துடுங்க. ரப்பர் உருகி ஒட்டும், இரும்பு துருப்பிடிச்சு பேப்பர்ல பழுப்பு வட்டம் விடும். செலோடேப் ஏற்கனவே ஒட்டியிருந்தா மட்டும் உரிக்க முயற்சி பண்ணாதீங்க, அது கன்சர்வேட்டர், அதாவது பழைய பேப்பர் சரி பண்ற நிபுணரோட வேலை. லாமினேட் பண்றது மரண தண்டனை, திரும்ப எடுக்கவே முடியாது. "நல்லா இருக்கும்ல"ன்னு யாராவது லாமினேஷன் மெஷினோட வந்தா வாசல்லயே நிறுத்துங்க.

சில்க்ஸ்க்ரீன் பிரிண்டுக்கு தனி கவனம். இங்க் கெட்டியா உட்கார்ந்திருக்கும், மேல மேல அடுக்கினா சூட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நடுவுல அமிலம் இல்லாத மெல்லிசு தாள் வச்சு, படுக்க வச்சு, பெரிய தட்டையான டிராயர்ல வைக்கணும். சுருட்டி டியூப்ல போடாதீங்க, கெட்டி இங்க் வெடிக்கும். ரெண்டு கையால எதிரெதிர் மூலைய பிடிச்சு தூக்கணும், ஒரு கையால தூக்கினா நடுவுல பிறை மாதிரி ஒரு மடிப்பு விழும், அது போகவே போகாது. பிரிண்ட் ஓரத்துல பென்சில்ல போட்ட நம்பர், கையெழுத்து, மூலையில பொறிச்ச பிரிண்டரோட சின்ன முத்திரை, இதையெல்லாம் மறைக்கற மாதிரி ஃபிரேம் போடாதீங்க, அதுதான் அந்த பிரிண்டோட பிறப்புச் சான்றிதழ்.

சுவர்ல மாட்டறதா இருந்தா வெயில் நேரா படாம, விளக்கு வெளிச்சம் அம்பது லக்ஸ் (வெளிச்சத்த அளக்கற அளவு) வாக்குல, மூணு நாலு மாசத்துக்கு ஒருதடவை மாத்தி வேற மாட்டுங்க. ஃபெல்ட் பேனா, ஃப்ளோரசன்ட் இங்க் சீக்கிரம் வெளுக்கும், எழுபதுகள்ல அந்த பளீர் கலர் எல்லாருக்கும் ரொம்ப பிடிச்சிருந்துச்சு, என்ன பண்றது.

பிளாஸ்டிக் கவர்ல போடறதா இருந்தா பாலியெஸ்டர்னு கேட்டு வாங்குங்க. ஸ்டேஷனரி கடையில கிடைக்கிற வாடை அடிக்கிற பிவிசி கவர் வேணாம். போட்டோ ஆல்பத்துல ஒட்டும் பசை பக்கம் இருக்கே, அதுல இருக்கிற போட்டோவ அப்படியே பக்கத்தோட சேர்த்து ஸ்கேன் பண்ணிட்டு அப்புறம் யோசிங்க, பிய்க்க அவசரப்படாதீங்க.

5. ஸ்லைடும் டேப்பும்: இதுக்கு காத்திருக்க நேரம் இல்ல

1970, 80-கள்ல படங்கள டாக்குமெண்ட் பண்ணினதெல்லாம் 35 எம்எம் ஸ்லைடுலதான். சில பிராண்டு சீக்கிரம் சிவப்பா போயிடும், கோடாக்ரோம் இருட்டுல நல்லா நிக்கும் ஆனா புரொஜெக்டர்ல போட்டு போட்டு காட்டினா வெளுக்கும். அதனால பழைய ஸ்லைட எடுத்து ஷோ நடத்தாதீங்க, ஸ்கேன் பண்ணி காட்டுங்க. ஃபிலிம் டப்பாவ திறந்ததும் வினிகர் வாடை வந்தா அது அழுகுற ஆரம்பம், அத மத்ததுங்ககிட்ட இருந்து பிரிச்சு குளிர்ச்சியான இடத்துக்கு கொண்டுபோங்க.

வீடியோ டேப் இன்னும் மோசம். யூ-மாட்டிக்னு முக்கால் இஞ்ச் கேசட், ரீல்ல சுத்தின அரை இஞ்ச் போர்ட்டபாக் டேப், அப்புறம் விஎச்எஸ். டேப் பழசாகறது ஒரு பக்கம்னா ஓட்டற மெஷினே இல்லாம போறது இன்னொரு பக்கம். பழைய டேப்ப கண்டுபிடிச்ச சந்தோஷத்துல உடனே ஒரு பிளேயர்ல போட்டுப் பாக்கறதுதான் எல்லாரும் பண்ற தப்பு, பசை ஊறின டேப் ஹெட்ல ஒட்டி உரிஞ்சு வந்துடும், அந்த ஒரே தடவையோட கதை முடிஞ்சுது. போட்டுப் பாக்காதீங்க, டேப் மாத்தற லேபுக்கு அனுப்புங்க. எல்லாத்துக்கும் காசு பத்தலைனா லேபிள பாத்து பத்து டேப்ப தேர்ந்தெடுங்க, ஒரே நிகழ்ச்சிய சொல்ற வேற ரெக்கார்டு இல்லாததுக்கு முன்னுரிமை.

6. ஸ்கேன்

இத சுருக்கமா முடிச்சுக்கறேன், நெட்ல நெறைய இருக்கு. போட்டோவுக்கு 600 டிபிஐ, டாக்குமெண்ட்டுக்கு 300 இல்ல 400, ஸ்லைடுக்கு 3000-த்துக்கு மேல, சேமிக்கறது டிஃப், அனுப்பறதுக்கு ஜேபெக். ஆடியோ வேவ் ஃபைலா. ஃபைல் பேர்ல ஸ்பேஸ், மேல்கோடு எதுவும் வேணாம், சென்டரோட சுருக்கம், டப்பா நம்பர், ஃபோல்டர் நம்பர், ஐட்டம் நம்பர், அவ்வளவுதான். கதை எல்லாம் எக்செல்ல. மூணு காப்பி, ரெண்டு வகையான மீடியா, ஒண்ணு வேற ஊர்ல. கலிபோர்னியாவுல நிலநடுக்கமும் காட்டுத்தீயும் இருக்கு, வேற ஊர்னா பக்கத்துத் தெரு இல்ல.

தேடற வார்த்தை விஷயத்துல மட்டும் நிறுத்தி யோசிங்க. லைப்ரரிங்க ரொம்ப நாளா இவங்க எல்லாரையும் மெக்சிகன் அமெரிக்கன்னு ஒரே தலைப்புக்குள்ள அடைச்சு வச்சிருந்தாங்க. பெர்க்லி சிக்கானோ ஸ்டடீஸ் லைப்ரரி ஆளுங்க 1970-கள்லயே அது பத்தாதுன்னு தங்களுக்கு தனியா ஒரு சிக்கானோ சொல்லகராதியே கட்டினாங்க. நீங்களும் சென்டர்ல பேசற வார்த்தையையே வைங்க: ஓஃப்ரெண்டா (படையல்), பப்பேல் பிகாடோ (வெட்டி அலங்கரிச்ச காகிதத் தோரணம்), பாரியோ (நம்ம பேட்டை). அதுக்கு பக்கத்துல லைப்ரரி சொல்ற தலைப்பையும் ஒரு காலம்ல போடுங்க.

7. காப்பிரைட்: பிரிண்ட் உங்களோடது, படம் உங்களோடது இல்ல

இங்கதான் நல்ல மனசு இருக்கிற பல பேர் மாட்டிக்கறாங்க. டிராயர்ல இருக்கிற பிரிண்ட் சென்டரோட சொத்தா இருக்கலாம், ஆனா அத டீஷர்ட்ல போடற உரிமை ஆர்ட்டிஸ்ட்டுகிட்டயோ அவங்க வாரிசுகிட்டயோ இருக்கும், எழுத்துல கையெழுத்து போட்டு மாத்தாத வரைக்கும். 1970-கள்ல யார் அக்ரீமெண்ட் போட்டா, எல்லாம் சாப்பாட்டு மேசையில பேசி முடிச்சதுதான். செல்ஃப் ஹெல்ப்ல 80-களோட ஆரம்பத்துல அட்டெலியேன்னு ஒரு முறை வந்துச்சு, ஆர்ட்டிஸ்ட்ட கூப்பிட்டு, மாஸ்டர் பிரிண்டர் கூட உட்கார்ந்து எடிஷன் போட்டு, ஒரு பங்கு ஆர்ட்டிஸ்ட்டுக்கு, ஒரு பங்கு சென்டருக்கு. சென்டர் அதுல வித்து அடுத்த எடிஷனுக்கு இங்க் வாங்கும். இப்படி பங்கு எழுதி வச்ச சென்டருக்கு பின்னாடி தலைவலி குறைவு.

எழுதாம விட்டிருந்தா இப்ப ஒரு பக்க லெட்டர் போடுங்க: நெட்ல சின்ன சைஸ்ல காட்டலாமா, ஸ்கூலுக்கு குடுக்கலாமா, விக்கறதுக்கு வேற பேச்சுவார்த்தை. மூணு டிக் பாக்ஸ். ஸ்பானிஷ்லயும் இங்கிலீஷ்லயும். வக்கீல் பாஷையில எழுதினா யாரும் கையெழுத்து போட மாட்டாங்க, போடவும் கூடாது.

8. யுனிவர்சிட்டிக்கு குடுக்கணுமா?

குடுக்கலாம், நல்ல உதாரணம் இருக்கு. சான்டா பார்பரா யுனிவர்சிட்டியோட செமாங்கற ஆர்க்கைவ்ஸ்ல செல்ஃப் ஹெல்ப், சாக்ரமென்டோவோட ராயல் சிக்கானோ ஏர் ஃபோர்ஸ், சான் ஃப்ரான்சிஸ்கோவோட கலேரியா டெ லா ராசாங்கற ஆர்ட் கேலரி, சான் டியேகோ சென்ட்ரோ, தியாத்ரோ கம்பெசினோங்கற விவசாயத் தொழிலாளர் நாடகக் குழு எல்லாரோட பேப்பரும் இருக்கு. லாஸ் ஏஞ்சலஸ்ல யூசிஎல்ஏ யுனிவர்சிட்டியோட சிக்கானோ ஸ்டடீஸ் ரிசர்ச் சென்டர் இருக்கு. (ஏர் ஃபோர்ஸ்னா நிஜ விமானப்படை இல்ல. ரெபெல் சிக்கானோ ஆர்ட் ஃப்ரண்ட்னு வச்ச பேரோட சுருக்கம் கனடா விமானப்படையோட சுருக்கம் மாதிரியே இருந்துச்சு, ஜனங்க கேலி பண்ண, ஆர்ட்டிஸ்ட்டுங்க அதையே எடுத்துக்கிட்டு பைலட் தொப்பி மாட்டிக்கிட்டாங்க. இந்த மாதிரி கிண்டலும் மரபுதான், கேட்டலாக் எழுதும்போது விட்டுடாதீங்க.)

ஆனா கையெழுத்துக்கு முன்னாடி கேளுங்க. நம்ம ஆளுங்க போய் பாக்கணும்னா அப்பாயிண்ட்மெண்ட், ஐடி, பார்க்கிங் காசு எல்லாம் வேணுமா? ரெண்டு மணி நேரம் டிரைவ் பண்ணிப் போக பெரியவங்களால முடியுமா? ஸ்கேன் காப்பி ஒரு முழு செட் சென்டருக்கு திரும்பி வருமா? எத்தன வருஷத்துக்குள்ள டப்பாவ திறந்து லிஸ்ட் போடுவாங்க? எக்ஸிபிஷனுக்கு நமக்கே கடன் தருவாங்களா? தனிப்பட்ட விஷயம், முக்கியமா யாரோட இமிக்ரேஷன் நிலைமை சம்பந்தப்பட்ட பேப்பர், அத மூடி வைக்க முடியுமா? இந்த கடைசி கேள்வி ரொம்ப முக்கியம். கிளாஸ் அட்டெண்டன்ஸ்ல இருக்கிற அட்ரஸ் கூட ஒருத்தருக்கு ஆபத்தா முடியலாம்.

எல்லாத்தையும் ஒரே தடவை குடுக்க வேணாம். ஓட்டத்துல இருக்கிற சென்டர்னா பத்து வருஷத்துக்கு முந்தினது மட்டும் குடுங்க, எடிஷன் புக் மாதிரி தினம் வேணுங்கறது காப்பி எடுத்துட்டு குடுங்க.

9. கூரை

நெஜமா சொன்னா இது முதல் நம்பரா வந்திருக்கணும், ஆனா காசு பேச்ச மொதல்லயே எடுத்தா எல்லாரும் ஓடிடுவாங்கன்னு கீழ வச்சேன்.

செல்ஃப் ஹெல்ப் பல வருஷம் இருந்த சீசர் சாவேஸ் அவென்யூ கட்டடம் சர்ச்சோட சொத்து. எடுவார்டோ ஒரொபெசா உடைஞ்ச பீங்கான் துண்டு, கண்ணாடியெல்லாம் பதிச்சு அந்த சுவரையே ஜொலிக்க வச்சிருந்தார். சிஸ்டர் கேரன் 1997-ல இறந்தாங்க. அவங்க இருந்த வரைக்கும் கட்டடம் பத்தி யாரும் பயப்படல, அவங்கதான் சர்ச்சுக்கும் சென்டருக்கும் நடுவுல இருந்த பாலம். 2008-ல கட்டடம் வித்துப் போச்சு. 2011-ல பாய்ல் ஹைட்ஸுக்கு மாறினாங்க, 2018-ல அந்தப் புது இடத்த சொந்தமா வாங்கினாங்க. சான் ஃப்ரான்சிஸ்கோவுல கலேரியா டெ லா ராசா நாப்பது வருஷத்துக்கும் மேல இருந்த 24-வது தெரு மூலைய வாடகை ஏறினதால 2018-ல விட்டுட்டு போக வேண்டியதாச்சு. ஒரே வருஷம் ஒருத்தர் வீடு வாங்கறார், இன்னொருத்தர் வீட்ட விட்டு வெளிய வர்றார்.

பாடம் என்னன்னா, கட்டடம் ஒரு நல்ல மனுஷரோட நட்புல நிக்குதுன்னா அந்த நட்ப இப்பவே பேப்பர்ல கொண்டு வாங்க. நீண்டகால லீஸ், விக்கறதா இருந்தா மொதல்ல நமக்கு சொல்லணும்ங்கற கண்டிஷன், எதுவா இருந்தாலும். சென்டரோட சட்ட விதிகள்ல, மூடற நிலைமை வந்தா கலெக்‌ஷன் எந்த அமைப்புக்குப் போகணும்னு பேரோட எழுதுங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல மெச்சிக்கானோ ஆர்ட் சென்டர், கோயஸ்ங்கற ஆர்ட் கேலரி ரெண்டும் 1969-ல செல்ஃப் ஹெல்புக்கும் முன்னாடி வந்தது, இப்ப ரெண்டுமே இல்ல. அவங்க கதைய திரும்ப சேர்க்க ஆராய்ச்சியாளர்கள் பழைய ஆளுங்கள தேடிப் போய் கேட்க வேண்டியிருந்துச்சு.

இடத்துக்கே அந்தஸ்து வாங்கறதும் ஒரு வழி. சான் டியேகோவுல கொரொனாடோ பாலத்துக்கு கீழ பார்க் தர்றோம்னு சொல்லிட்டு ஹைவே போலீஸ் ஸ்டேஷன் கட்ட புல்டோசர் வந்துச்சு. 1970 ஏப்ரல் 22 ஜனங்க கைகோர்த்து போய் உட்கார்ந்தாங்க, செடி நட்டாங்க, பன்னிரண்டு நாள் நகரல. அதுதான் சிக்கானோ பார்க். 1973-லேர்ந்து பாலத்துத் தூண்கள்ல மியூரல், அதாவது சுவரோவியம். 2013-ல தேசிய வரலாற்று இடங்கள் பட்டியல், 2016-ல அதுக்கும் மேல தேசிய வரலாற்றுச் சின்னம். விண்ணப்பத்துக்கு என்ன வேணும்னு நெனைக்கறீங்க? பழைய போட்டோ, பேப்பர் கட்டிங், யார் எந்தத் தூண எந்த வருஷம் வரைஞ்சாங்கங்கற லிஸ்ட். திரும்பவும் ரெண்டாவது ஸ்டெப்புக்குத்தான் வர்றோம்.

10. சுவர்ல இருக்கிற படம்

மியூரலுக்கு கலிபோர்னியாவுல ஒரு ஆயுதம் இருக்கு. ஈஸ்ட் லாஸ் ஸ்ட்ரீட்ஸ்கேப்பர்ஸ் குரூப் பாய்ல் ஹைட்ஸ்ல ஒரு ஷெல் பெட்ரோல் பங்க் சுவர்ல மியூரல் வரைஞ்சிருந்தாங்க, 1988-ல சுவரோட சேர்த்து இடிச்சுட்டாங்க. 1979-ல கொண்டுவந்த மாநிலக் கலைப் பாதுகாப்புச் சட்டம் ஓவியத்துக்குத்தான், சுவரோவியத்துக்கு இல்லன்னு வாதம். 1991-ல அப்பீல் கோர்ட் மியூரலும் ஓவியம்தான்னு தீர்ப்பு சொல்லுச்சு.

அந்தச் சட்டத்துல படம் தரமானதுன்னு நிரூபிக்கணும், அதுக்கு ரிவ்யூ, பேப்பர் செய்தி, டூர் போன பஸ்ஸோட நோட்டீஸ் கூட உதவும். ஓனர் ஆர்ட்டிஸ்ட்டுக்கு நோட்டீஸ் அனுப்ப அட்ரஸ் வேணும், அதனால ஆர்ட்டிஸ்ட்டோட இப்போதைய அட்ரஸ ஒரு லிஸ்ட்ல வச்சு வருஷா வருஷம் புதுப்பிங்க. ஓனர் மாறினா புது ஓனருக்கு ஒரு நட்பான லெட்டர், போட்டோவோட. வக்கீல் நோட்டீஸ விட இது அதிகம் வேலை செய்யும்.

ரிப்பேர்னா மொதல்ல வரைஞ்ச ஆளையே கூப்பிடணும். சிக்கானோ பார்க்ல 2011, 12-ல தூண்கள திருப்பி சரி பண்ணினப்ப முடிஞ்ச வரைக்கும் ஒரிஜினல் ஆர்ட்டிஸ்ட்டுங்கதான் வந்து வரைஞ்சாங்க. பிரஷர் வாஷ் மட்டும் வேணாம். எந்த பிராண்ட் பெயிண்ட், எந்த கோட்டிங் போட்டோம்னு எழுதி வைங்க, இருபது வருஷம் கழிச்சு கிராஃபிட்டி எடுக்க வர்ற ஆளுக்கு அதுதான் உயிர்.

11. வேலை நின்னா மரபு நின்னுது

டப்பா எல்லாம் அடுக்கியாச்சு, ஏசி போட்டாச்சு, ஆனா யாரும் ஸ்க்ரீன் கழுவலைனா அது மியூசியம், சென்டர் இல்ல. பழைய எடிஷன் ஒண்ண எடுத்து ஒரு சின்ன பொண்ணுகிட்ட குடுத்து, பழைய பிரிண்டர் பக்கத்துல நிக்க, அதே மாதிரி ஒரு கலர் கலக்க சொல்லுங்க. கை எப்படி ஸ்குவீஜிய (இங்க் தள்ற ரப்பர் பட்டை) சாய்க்குதுன்னு வீடியோ எடுங்க, மூஞ்சிய இல்ல, கைய.

செல்ஃப் ஹெல்பும் கலேரியாவும் 1970-களோட ஆரம்பத்துலயே டியா டெ லோஸ் முவெர்த்தோஸ், அதாவது இறந்தவங்க நாள தெருவுக்கு கொண்டு வந்தாங்க. ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ்ல எவர்கிரீன் கல்லறையிலேர்ந்து ஊர்வலம் போனாங்க. இன்னிக்கு அமெரிக்கா முழுக்க அத பாக்கறோம்னா அந்த ரெண்டு இடத்துக்கும் அதுல பெரிய பங்கு இருக்கு. ஓஃப்ரெண்டா வைப்பாங்க, அதாவது படையல்: செத்தவங்க போட்டோ, மஞ்ச சாமந்தி, ரொட்டி, அவங்களுக்கு பிடிச்ச பானம். மஞ்ச சாமந்தியும் படையலும் நமக்கு புதுசா என்ன, அதனாலதான் எனக்கு அந்த நாள் அவ்வளவு பிடிச்சுப் போச்சு.

இந்த வேலைக்கு அந்த ராத்திரிய விட நல்ல வாய்ப்பு கிடையாது. ஊரே வரும், வெளியூர் போனவங்க திரும்பி வருவாங்க, எல்லாரும் போட்டோவத்தான் பாத்துக்கிட்டு நிப்பாங்க. அதனால படையலுக்கு பக்கத்துல ஒரு கயிறு கட்டி, பேர் தெரியாத மூஞ்சிங்கள பெருசா ஜெராக்ஸ் எடுத்து தொங்க விடுங்க. ஒவ்வொண்ணுக்கு கீழயும் ஒரு பென்சில் நூல்ல கட்டி. மேல 'என்னைத் தெரியுமா?'ன்னு ஸ்பானிஷ்ல ஒரு அட்டை, போதும்.

நாங்க அப்படித்தான் அந்த வேன் போட்டோவையும் தொங்க விட்டோம். ராத்திரி பத்து மணிக்கு கழட்டும்போது கேமராவ பாக்காம சிரிச்ச ஆளுக்கு கீழ ஒரு பேரும், பக்கத்துல 'எங்க மாமா, வேன ஓட்டினவர்'னும் யாரோ எழுதியிருந்தாங்க. இன்னொருத்தருக்கு கீழ இன்னும் காலிதான். அந்த காப்பிய அடுத்த வருஷத்துக்கு தனியா எடுத்து வச்சிருக்கேன்.